புளூகிராஸ் மேடையில் மாறுபட்ட குழுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடை முழுக்க ஏதாவது ஓர் ஊரில் புளூகிராஸ் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். அநேகமாக எல்லாத் திருவிழாவிலும் வழக்கத்திலிருந்து மாறுபட்ட ஏதோ ஒரு குழு மேடையேறும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்வரிசைக்கு ஓடிப்போய் ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போகிறவர்கள் ஒரு பக்கம். மறுநாள் காலை காபி வரிசையிலும் அதே பேச்சுதான். இந்த இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

புளூகிராஸ் என்பது எந்த மாதிரி இசை?

கென்டக்கி மாநிலத்தில் ரோசைன் என்ற சிற்றூரில் 1911-இல் பிறந்த பில் மன்றோ உருவாக்கிய இசை. அவர் குழுவின் பெயர் புளூ கிராஸ் பாய்ஸ். அந்தப் பெயரே பிற்பாடு இசைக்கும் பெயராகிவிட்டது. மாண்டலின், ஐந்து தந்தி பான்ஜோ, ஃபிடில் என்று அழைக்கப்படும் வயலின், கிட்டார், ஆளுயர பேஸ் ஆகியவைதான் அடிப்படை வாத்தியங்கள். எதற்கும் மின்சாரம் தேவையில்லை. வேகமான தாளம், உச்சத்தில் நிற்கும் குரல்கள், பாட்டுக்கு நடுவே ஒவ்வொருவரும் முறைவைத்து முன்னால் வந்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம், இவையெல்லாம் இதன் அடையாளங்கள். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்று விரல் பான்ஜோ பாணியோடு மன்றோவிடம் வந்து சேர்ந்தார். லெஸ்டர் ஃபிளாட் ஏற்கெனவே கிட்டாரோடு அங்கே இருந்தார். 1948 வரை அந்தக் குழு வாசித்த விதத்தைத்தான் பலர் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

எந்த மாதிரிக் குழு வந்தால் சண்டை வருகிறது?

இரண்டு வகைக் குழுக்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

முதல் வகை, இந்த மரபுக்குள்ளேயே வளர்ந்து அதை எங்கோ இழுத்துக்கொண்டு போகிறவர்கள். பான்ஜோவும் மாண்டலினும் கையில் இருக்கும், ஆனால் பாட்டு இருபது நிமிடம் நீளும், அல்லது ராக் பாட்டு ஒன்று நடுவே வரும், அல்லது கிட்டாரிலிருந்து மின்னோசை கிளம்பும். இரண்டாவது வகை, புளூகிராஸோடு தொடர்பே இல்லாத பிரபலங்கள். அமைப்பாளர்கள் டிக்கெட் விற்பனைக்காகவோ, சொந்த ரசனைக்காகவோ இவர்களை அழைக்கிறார்கள்.

முதல் வகையினரிடம் வருகிற கோபம் குடும்பச் சண்டை மாதிரி, ஆழமாகவும் நீண்ட நாளைக்கும் இருக்கும். இரண்டாவது வகையினரிடம் வருகிற எரிச்சல் உண்மையில் அவர்கள் மேல் வருவதே இல்லை, அழைத்தவர் மேல் வருவது. பாடகர் நல்லவர்தான், நன்றாகத்தான் பாடினார், ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாசித்திருக்கக்கூடிய ஒரு புளூகிராஸ் குழுவின் இடம் போயிற்றே என்ற வருத்தம் அது.

டிரம்ஸ் வந்தாலே ஏன் இத்தனை பேருக்குக் கோபம்?

வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் பிடிவாதம் மாதிரித் தெரியும். அந்த இசை எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

புளூகிராஸில் தாளத்துக்கென்று தனி ஆள் கிடையாது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் ஒலிக்கும். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் 'சாப்' என்று ஒரு வெட்டு வெட்டும். தந்திகளை அழுத்தி, அடித்த கணமே பிடியைத் தளர்த்தி ஓசையை நிறுத்துவார்கள். டிரம்ஸில் ஸ்னேர் என்ற சிறு டிரம் செய்யும் வேலையை அந்த வெட்டு செய்துவிடுகிறது. கிட்டார் இந்த இரண்டையும் இணைக்கிறது. மேலே பான்ஜோவின் சுருள் ஓட்டம் இடைவெளிகளை நிரப்புகிறது. ஆக, ஐந்து பேரும் சேர்ந்துதான் டிரம்ஸ். ஒருவர் தனி வாசிக்கப் போனால் மற்றவர்கள் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். புளூகிராஸின் துடிப்பே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது.

இதில் ஒரு டிரம்ஸ் கலைஞர் வந்து உட்கார்ந்தால் மாண்டலின்காரரின் பாதி வேலை போய்விடும். ஓசையும் கூடும். டிரம்ஸை மீறிக் கேட்க மற்றவர்கள் தங்கள் வாத்தியத்தில் பிக்கப் என்ற ஒலிவாங்கிக் கருவியைப் பொருத்த வேண்டிவரும், பிக்கப் பொருத்தினால் மரத்தின் நாதம் மாறிவிடும். இதெல்லாம் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் மாற்றங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாண்டலின்காரருக்கு முதல் பாட்டிலேயே இது காதில் விழுந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் பார்வையில் இதுதான் முக்கியம். ராக் கச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்க வருகிறவர்கள். புளூகிராஸ் திருவிழாவுக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் வாசிக்கத் தெரிந்தவர்கள். வண்டியில் ஒரு பான்ஜோவாவது கிட்டாராவது இருக்கும். மேடையில் கேட்டதை அன்றிரவே கூடாரத்துக்கு வெளியே வட்டமாக உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். அப்படி எடுத்துப்போக முடியாத இசை மேடையில் ஒலித்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், தங்களுக்கு அதில் பங்கில்லை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ஜிம்மி மார்ட்டினை மறந்துவிடக் கூடாது. மன்றோவிடம் பாடி வளர்ந்தவர், மரபின் தூண்களில் ஒருவர் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டவர். அவர் தன் குழுவில் ஸ்னேர் டிரம் வைத்திருந்தார். மெதுவாகத் தட்டும் ஒற்றை ஸ்னேர். அது இசையைக் கெடுக்கவில்லை. ஆகவே எந்த வாத்தியம் என்பதோடு அது எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

பில் மன்றோ இதையெல்லாம் ஏற்றுக்கொண்டிருப்பாரா?

கறாரான மனிதர்தான். பிடிக்காத இசையை "அது எதிலும் சேர்த்தியில்லை" என்கிற பாணியில் ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார் என்று இன்றும் ரசிகர்கள் சொல்வார்கள். ஆனால் அவர் செய்தவற்றைப் பார்த்தால் படம் வேறு.

1945 தொடக்கத்தில் அவர் குழு செய்த ஒலிப்பதிவில் அக்கார்டியன் ஒலிக்கிறது. வாசித்தவர் சாலி ஆன் ஃபாரஸ்டர், அந்தக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண். இன்று ஒரு குழு அக்கார்டியனோடு மேடையேறினால் முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி பல சமயம் தெரிந்திருப்பதில்லை. 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி மன்றோவின் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி' பாட்டை எடுத்துத் தலைகீழாக்கினார். மூன்று எண்ணிக்கையில் மெதுவாகப் போகும் பாட்டு அது, எல்விஸ் அதை நான்கு எண்ணிக்கையில் துள்ளவிட்டார். மன்றோ அதே ஆண்டு தன் பாட்டை மறுபடி பதிவுசெய்தார். முதல் பாதியைப் பழைய நடையிலும், அடுத்த பாதியை எல்விஸ் போல வேகமான நடையிலும் பாடினார்.

டோப்ரோ கதையும் இப்படித்தான். மடிமேல் படுக்கவைத்து, இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் அந்த கிட்டார் மன்றோவின் புகழ்பெற்ற குழுவில் கிடையாது. 1955-இல் ஜோஷ் கிரேவ்ஸ் அதை ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் குழுவுக்குக் கொண்டுவந்தார். இப்போது டோப்ரோ இருந்தால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

இந்தத் திருவிழாக்களும் சண்டையும் எப்போது தொடங்கின?

ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின. 1965 செப்டம்பரில் கார்ல்டன் ஹேனி என்ற அமைப்பாளர் வர்ஜீனியாவில் ஃபின்காசில் அருகே ஒரு குதிரைப் பண்ணையில் பல நாள் நடக்கும் முதல் புளூகிராஸ் திருவிழாவை நடத்தினார். மன்றோவின் பழைய குழுக்காரர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, இந்த இசை வளர்ந்த கதையையே ஒரு நிகழ்ச்சியாக்கினார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால்தான் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாடகராகப் பெயரெடுத்த பாப் டிலன் மின் கிட்டாரோடு வந்து கூச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். 1967-இல் மன்றோவே இந்தியானாவின் பீன் பிளாசமில் தன் திருவிழாவைத் தொடங்கினார்.

அடுத்த சில ஆண்டுகள் கொந்தளிப்பானவை. ஆஸ்போர்ன் பிரதர்ஸ், 'ராக்கி டாப்' பாட்டைப் பிரபலமாக்கியவர்கள், கன்ட்ரி இசை வானொலியில் இடம்பிடிக்க எலக்ட்ரிக் பேஸும் டிரம்ஸும் சேர்த்தார்கள், பான்ஜோவிலேயே பிக்கப் பொருத்தினார்கள். பழைய ரசிகர்கள் துரோகம் என்றார்கள். அந்தப் பாட்டு 1982-இல் டென்னசியின் மாநிலப் பாடல்களில் ஒன்றானது. 1994-இல் அவர்கள் புளூகிராஸின் மதிப்புக்குரியோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் 1969-இல் பிரிந்தார்கள். டிலன் பாட்டுகளைப் பாடுவதில் ஃபிளாட்டுக்கு விருப்பமில்லை என்பது காரணங்களில் ஒன்று. ஃபிளாட் பழைய ஓசைக்கே திரும்பினார். பான்ஜோவுக்கே புது முகம் கொடுத்த ஸ்க்ரக்ஸோ தன் மகன்களோடு மின் வாத்தியங்கள் கொண்ட குழு அமைத்தார், அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனில் வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டத்திலும் வாசித்தார். மரபின் மையத்தில் இருந்த இரண்டு பேரே இரண்டு திசையில் போனதை நினைவில் வைத்தால், ரசிகர்கள் பிரிந்ததில் வியப்பில்லை.

நியூ கிராஸ் ரிவைவல் பெயர் ஏன் எல்லா விவாதத்திலும் வருகிறது?

1971-இல் கென்டக்கியின் லூயிவில்லில் மாண்டலின் கலைஞர் சாம் புஷ்ஷும் நண்பர்களும் தொடங்கிய குழு அது. நீண்ட தலைமுடி, ஜீன்ஸ், ராக் பாட்டுகள், முடிவில்லாமல் நீளும் தனி ஆவர்த்தனங்கள், பிறகு எலக்ட்ரிக் பேஸ். கோட்டும் தொப்பியும் அணிந்த குழுக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவர்களின் தோற்றமே முதல் அதிர்ச்சி, இசை இரண்டாவது. வியட்நாம் காலத்து அமெரிக்காவில் தலைமுடி என்பது அரசியல். ஆகவே இந்த எதிர்ப்பு முழுவதையும் இசைக் கணக்கில் எழுதுவது சரியாக இருக்காது.

அதே நேரம் அவர்களைக் கேட்க இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். வாசிப்பில் குறை சொல்ல முடியாது என்பதை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 1989 கடைசி நாளன்று குழு கலைந்தது. 2020-இல் குழுவும், 2023-இல் சாம் புஷ் தனியாகவும் மதிப்புக்குரியோர் பட்டியலில் ஏறினார்கள். தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டு. ரசனை மாற அவ்வளவு காலம் பிடிக்கிறது.

டெல்லுரைட் திருவிழாவில் ராபர்ட் பிளாண்ட் பாடினாராமே?

ஆமாம், 2011-இல், தன் பேண்ட் ஆஃப் ஜாய் குழுவோடு. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் பாடகர்தான். அதே ஆண்டு பிரிட்டிஷ் குழுவான மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸும் வந்தார்கள்.

கொலராடோ மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 8,750 அடி உயரத்தில் இருக்கும் ஊர் டெல்லுரைட். 1970-களின் முதல் பாதியில் தொடங்கிய இந்தத் திருவிழா நியூ கிராஸ் ரிவைவல் ரத்தத்தில் ஊறியது. சாம் புஷ் 1975-இலிருந்து அங்கே வாசித்துவருகிறார். ஆகவே அங்கே 'மாறுபட்டது' என்பதே மரபு. கூட்டமும் அதை எதிர்பார்த்துத்தான் மலையேறி வருகிறது. பீன் பிளாசமில் மன்றோவின் பாட்டுகளைக் கேட்க வருகிறவரையும் இவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் இருவருக்கும் அநியாயம். பிளாண்ட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஃபிடில் வாசித்து வளர்ந்த புளூகிராஸ் பாடகி அலிசன் கிராஸோடு சேர்ந்து அவர் 2007-இல் வெளியிட்ட ஆல்பம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியிருந்தது. முற்றிலும் அந்நியராக அவர் அந்த மேடைக்கு வரவில்லை.

பெயரை மாற்றிக்கொண்ட திருவிழா எது?

சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவில் நடப்பது. வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர், தானே பான்ஜோ வாசிப்பவர், 2001-இல் தன் பணத்தில் தொடங்கினார். அனுமதி இலவசம். ஹேசல் டிக்கன்ஸ் பாட்டை நேரில் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசைகளில் ஒன்று. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த பாடகி அவர், தொழிலாளர் பாட்டுகளுக்குப் பேர் போனவர். முதலில் வைத்த பெயர் 'ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ்', அதாவது கண்டிப்பாக புளூகிராஸ் மட்டும். ஆனால் ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ போன்றவர்களெல்லாம் பாடும் மேடையாக அது வளர்ந்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் ராப் பாடகர் எம்.சி. ஹாமர்கூட வந்தார். 2004-இலேயே பெயருக்கு முன்னால் 'ஹார்ட்லி', அதாவது 'அப்படியொன்றும் இல்லை' என்ற பொருள் தரும் சொல் சேர்ந்துவிட்டது.

எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும். என்ன கிடைக்கும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. டிக்கெட் பணமும் இல்லை என்பதால் ஏமாந்தோம் என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

வட கரோலினாவின் வில்க்ஸ்போரோவில் நடக்கும் மெர்ல்ஃபெஸ்டும் இதே மாதிரி தெளிவானது. இறந்துபோன மகன் மெர்லின் நினைவாக 1988-இல் கிட்டார் கலைஞர் டாக் வாட்சன் தொடங்கியது. "மரபிசை, கூடவே எனக்குப் பிடித்த எதுவும்", இதுதான் அவர் வகுத்த வரையறை. மலைப்பாட்டின் சின்னமாக உலகம் பார்த்த வாட்சன் 1950-களில் நடனக் குழுவொன்றில் மின் கிட்டார் வாசித்தவர். ஃபிடில் மெட்டுகளை கிட்டாரில் அத்தனை வேகமாக வாசிக்கும் திறமையை அங்கேதான் தீட்டிக்கொண்டார்.

பிடிக்காதவர்கள் கூச்சல் போடுவார்களா?

மிக அரிது. எதிர்ப்பு எழுந்து போவதில்தான் தெரியும். கூடாரப் பக்கமோ, வண்டிகள் நிற்கும் இடத்துக்கோ போய்த் தங்கள் வாத்தியத்தை எடுத்துவிடுவார்கள். மேடையில் டிரம்ஸ் முழங்கும்போது தொலைவில் நான்கு பேர் மன்றோ பாட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல வழக்கம். யாருடைய மகிழ்ச்சியையும் கெடுக்காமல் தன் கருத்தைச் சொல்லும் வழி.

பாட்டுக்கு நடுவே "இது புளூகிராஸ் இல்லை" என்று கத்துகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. மேடையில் இருப்பவர் அழைப்பை ஏற்று வந்த விருந்தாளி. புகார் இருந்தால் அமைப்பாளரிடம் சொல்லலாம். அதே மாதிரி, உட்கார்ந்து கேட்கிறவர்களின் பார்வையை மறைத்து நின்று ஆடும் புதியவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆடுவதற்குப் பெரும்பாலும் ஓரத்தில் இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

இளம் கிட்டார் கலைஞர் பில்லி ஸ்ட்ரிங்ஸை மட்டும் இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டது எப்படி?

முழுதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர் கிட்டாரிலிருந்து வரும் மின்னோசையையும், குழுவே அந்தந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிக்கும் நீண்ட ஜாம்களையும் பொறுக்க முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 2021-இலிருந்து 2023 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கம் அவருக்கு ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைக் கொடுத்தது.

1992-இல் மிச்சிகனில் பிறந்தவர். சிறுவயதில் வளர்ப்புத் தந்தையிடம் டாக் வாட்சன் பாட்டுகளைக் கற்றவர், பதின்பருவத்தில் மெட்டல் ராக் குழுக்களில் வாசித்தவர். மேடையில் டிரம்ஸ் இல்லாமல் பான்ஜோ, மாண்டலின், ஃபிடில், பேஸ் என்ற பழைய வரிசையையே வைத்துக்கொள்கிறார். விண்ணை முட்டும் ஜாம் முடிந்த கையோடு ஒரு பழைய பாட்டை அச்சு அசலாகப் பாடுவார். அதே தந்தையோடு உட்கார்ந்து பழைய பாட்டுகளை மட்டும் பாடி, 2022-இல் ஓர் ஆல்பமாக வெளியிட்டார். வேலியைத் தாண்டுகிறவருக்கு வேலி எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதைக் கேட்கிறவர்கள் உணர்ந்துகொள்கிறார்கள். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் பாதிக் கோபம் கரைந்துவிடும்.

எல்லாம் ஓசையைப் பற்றிய சண்டைதானா?

இல்லை. யார் மேடையில் நிற்கிறார்கள் என்பதும் சிலருக்கு உறுத்தியிருக்கிறது. அதை 'மரபு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிப்பது எளிது.

பான்ஜோவின் மூலம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அமெரிக்க மண்ணில் உருவாக்கிய வாத்தியம் அது. பில் மன்றோ இளம் வயதில் கேட்டும், கூட வாசித்தும் கற்றவர்களில் ஒருவர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர், இதை மன்றோவே பலமுறை சொல்லியிருக்கிறார். 1931-இல் இறந்த ஷுல்ட்ஸின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 2017-இல் ராலியில் நடந்த புளூகிராஸ் சங்க மாநாட்டில் பான்ஜோ கலைஞர் ரியானன் கிடென்ஸ் தொடக்க உரையில் இந்த வரலாற்றை எடுத்து வைத்தார். புளூகிராஸில் எல்லோரையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன்னால், தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள் எப்படி மறக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள் என்பது அந்த உரையின் சாரம். ஒரு கறுப்பினக் கலைஞர் பான்ஜோவோடு வந்தால் அதைப் 'புதுமை' என்று வகைப்படுத்துவது வரலாறு தெரியாததால் வருவது.

அமைப்பாளர்கள் இதை எப்படிக் கையாளலாம்?

முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதுதான் முதல் வேலை. டிரம்ஸ் உள்ள குழு எது, எந்த நேரம், எந்த மேடை என்று தெரிந்தால் மக்கள் தாங்களாகவே திட்டமிட்டுக்கொள்வார்கள். இரண்டு மேடை இருந்தால் ஒன்றில் பழைய ஓசை எப்போதும் கேட்கும்படி செய்யலாம். மாறுபட்ட குழுவை மதியத்தில் ஒரு பயிலரங்கிலும் உட்காரவைக்கலாம். மின் கிட்டார்காரர் ஒருவர் மரக் கிட்டாரைக் கையில் எடுத்து, இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று நேருக்கு நேர் வாசித்துக் காட்டினால் இரவில் கேட்கிறவர்களின் காது வேறு மாதிரித் திறந்திருக்கும்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. புளூகிராஸ் என்று விளம்பரப்படுத்திவிட்டு மூன்று இரவும் கடைசி நேரத்தை வெளியாட்களுக்கே கொடுப்பது. காலை பத்து மணி வெயிலில் வாசித்துவிட்டுப் போகும் இளம் புளூகிராஸ் குழுக்களுக்கு அது பெரிய அடி.

நான் முதல்முறை போகப்போகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய ஓசைதான் வேண்டும் என்றால் பீன் பிளாசம். எல்லை எங்கே என்று கவலைப்படாமல் கேட்க விரும்பினால் டெல்லுரைட். செலவில்லாமல் பலவற்றைக் கேட்டுப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ. பல இடங்களில் காலையிலேயே நாற்காலியைப் போட்டு இடம்பிடித்துவிடலாம். நீங்கள் இல்லாத நேரம் வேறொருவர் அதில் உட்கார்ந்தால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் வந்ததும் எழுந்துவிடுவார். இரவு கூடாரப் பக்கம் நடந்தால் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பவர்களைப் பார்க்கலாம். நின்று கேட்கலாம். வாத்தியத்தோடு போனால் முதலில் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, சேர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன் அந்த ஆண்டின் குழுப் பட்டியலை முழுதாகப் பார்த்துவிடுங்கள், ஆண்டுக்கு ஆண்டு அது மாறும்.